பிஸ்கட் டின்னில் தாய்நாடு

எங்கள் பேரவையின் தாய்நாட்டு மண் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. டின்னின் மூடியில் இங்கிலாந்து ராஜா ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். அது முறையில்லை என்று, அவர் முகத்தின் மேல் எங்கள் நாட்டுச் சின்னமான, கிரீடம் வைத்த வெள்ளைக் கழுகை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பாய்லர் சூட்டில் பசை காய்ந்து தாள் மெல்ல உரிந்துகொண்டே வந்தது. சில நாட்களில் கழுகின் இறக்கைக்கு அடியில் ராஜாவின் ஒரு கண் தெரியும்.

டின்னை பாய்லர் அறையில் வைத்ததற்குக் காரணம், லண்டனில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அந்தப் பழைய வீட்டில் ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். பாய்லருக்கு நான் பொறுப்பு. டின்னுக்குக் கர்னல் நார்பட் பொறுப்பு. அதன் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் மாதா சுரூபத்தோடு தொங்கும்.

போர் முடிந்தபோது போலந்தை மாஸ்கோ ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். என் ஊரை அப்படியே ரஷ்யாவுக்குள் இழுத்துக்கொண்டார்கள். நாங்கள் பட்டாளத்தோடு வந்தவர்கள், இங்கேயே நின்றுவிட்டோம். அங்கே மந்திரியாக இருந்தவர்கள் நாடுகடந்த பேரவை ஒன்றை அமைத்துக்கொண்டு இங்கேயும் மந்திரியாகவே இருந்தார்கள். அங்கே உழுதுகொண்டிருந்த நான் காலையில் ஒரு சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளைச் சுமந்தேன், மதியத்துக்கு மேல் பேரவை வீட்டில் கரி அள்ளிப் போட்டேன். முப்பத்துநாலு வயதில், பட்டாள முகாமின் தகரக் கொட்டகையில்தான் எழுத்துக் கற்றேன். அதனால் எதையும் மெதுவாக, ஒரு வரி விடாமல் படிப்பேன். பேரவையின் விதிகளை முழுக்கப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

அந்நிய ஊரில் சாகிற எங்கள் ஆள் எவனானாலும் பெட்டியின் மேல் கொஞ்சம் சொந்த மண் விழ வேண்டும். அது எங்கள் வழக்கம். முப்பத்தொன்பதாம் வருஷம் ஒரு சார்ஜெண்ட் எல்லை தாண்டும்போது துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்த மண் அது. ஆரம்பத்தில் செத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி போட்டார்கள். பேரவை எதிர்பார்த்தது விடுதலை. வந்தது இருமல். மண் குறைய ஆரம்பித்ததும் மண் விதிகள் வந்தன.

தலைவருக்கு மூன்று மேசைக்கரண்டி. மந்திரிகளுக்கு இரண்டு. உறுப்பினர்களுக்கு ஒன்று. எழுத்தர்களுக்கு ஒரு டீஸ்பூன், தலை தட்டியது. என்னைப் போன்றவர்கள் அடக்கத்தின்போது மண்ணை 'மனத்தில் நினைத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறார்கள்' என்று கடைசி வரியில் இருந்தது. அனுமதி கொடுத்தார்களே என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் விதி மண்ணின் தேதியைப் பற்றியது. போருக்கு முன்பிருந்த எல்லைக்குள், போர் தொடங்கும் முன் எடுத்த மண்தான் சட்டப்படியான மண். பிறகு எடுத்தது ஆக்கிரமிப்பு மண். பதினோராம் விதி கட்சிகளைப் பற்றியது. பேரவையில் உள்ள ஒரு கட்சிக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர்களாவது இருக்க வேண்டும். ஒரே ஆள் இருந்தால் அது கட்சி அல்ல, தனிப்பட்ட அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு மண் கிடையாது.

இரண்டையும் எழுதியவர் மந்திரி ஹிப்போலித் சுலிமா.

சுலிமா போருக்கு முன் பதினோரு வாரம் மந்திரியாக இருந்தவர். லண்டனில் ஒரு பெரிய ஓட்டலின் நிலவறையில் வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி துலக்கினார். நாலு மணிக்குக் கை கழுவிக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தால் மறுபடியும் மந்திரி. பன்னிரண்டு வருஷமாகப் பெட்டியைப் பிரிக்காமல் வாழ்ந்தார். வசந்தத்தில் திரும்பிப் போகப்போகிறவர் எதற்கு அலமாரி வாங்க வேண்டும்? சட்டை வேண்டுமென்றால் பெட்டியைத் திறப்பார், எடுப்பார், மறுபடி பூட்டுவார்.

அவருடைய தேசியக் கட்சி லண்டனுக்கு வந்தபோது நாற்பது பேர். உண்மையான போலந்துக்காரன் யார் என்பது அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. யூதர்கள் இல்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தார். உக்ரேனியப் பாட்டி உள்ளவர்கள் இல்லை என்று ஐந்து பேரை நீக்கினார். இங்கிலாந்துக் குடியுரிமை வாங்கியவர்கள் இல்லை. அயர்லாந்துப் பெண்ணைக் கட்டியவர் இல்லை. பிள்ளைகளோடு வீட்டில் ஆங்கிலம் பேசிய பல் வைத்தியர் இல்லை. சிலர் நீக்கப்படுவதற்கு முன்பே செத்துப்போய்த் தப்பித்தார்கள். ஐம்பத்தேழாம் வருஷம் கட்சியில் அவரும், படுக்கையில் கிடந்த ஒரு நீதிபதியும் மிச்சம்.

அந்த வருஷம் ஏப்ரலில்தான் டின்னில் செடி முளைத்தது.

ஒரு துணை மந்திரியின் அடக்கத்துக்காகக் கர்னல் டின்னைத் திறந்தார். மண்ணின் நடுவில் பச்சையாக ஒரு முளை, சுண்டுவிரல் நீளம். அவர் உடனே மூடியை மூடினார். ஆனால் கூட வந்த எழுத்தர் பார்த்துவிட்டார். அரைமணி நேரத்தில் வீடு முழுக்கத் தெரிந்துபோனது. தாய்நாடு உயிரோடு இருக்கிறது என்று மாடியில் இருவர் அழுதார்கள். அவசரக் கூட்டம் போட்டார்கள்.

ஒரு தரப்பு அது கம்பு என்றது. இன்னொரு தரப்பு கோதுமை என்றது. மூன்றாவது தரப்பு இது மாஸ்கோவின் சூழ்ச்சியாக இருக்கலாம் என்று பதிவு செய்யச் சொன்னது. சுலிமா எழுந்து, செடிக்கு லண்டன் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா என்ற கேள்வியை எழுப்பினார்.

"இந்தச் செடி வேர்விட்டது நம்ம மண்ணுல. சரி. ஆனா அது குடிக்கப்போறது யாரோட தண்ணி? இன்னிக்குத் தண்ணிய ஏத்துக்கிட்டா நாளைக்குக் காத்த ஏத்துக்கும். நாளன்னிக்கு இந்த ஊர்ப் பாஸ்போர்ட்ட ஏத்துக்கும். இப்படித்தான் கனவான்களே, நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா போனாங்க" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

விவசாயிகளின் பிரதிநிதியையும் கேட்டுவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கரிக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே போய் எட்டிப் பார்த்தேன்.

"புல்லுங்க. இந்த ஊர்ப் புல்லு. நம்ம பின்பக்கத் தோட்டத்துல மண்டிக் கெடக்குதே, அதேதான்."

கர்னல் நார்பட் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை ஏன் என்று அப்போது புரியவில்லை. விவசாயிகளின் பிரதிநிதி கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்கள். நான் படித்துப் பார்த்தேன். தண்ணீர் விஷயத்தை ஆராய ஐவர் குழு அமைத்தார்கள். குழு இரண்டாம் முறை கூடுவதற்குள் செடி காய்ந்துவிட்டது. மூன்று நாள் கொடி அரைக் கம்பத்தில் பறந்தது.

செப்டம்பரில் நீதிபதி இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் சுலிமா பாய்லர் அறைக்கு இறங்கி வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. கரி மூட்டை மேல் பேப்பர் விரித்து உட்கார்ந்தார். டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருதயம் பெருத்துவிட்டது, அடுத்த வசந்தம் வரை தாங்குவது சந்தேகம் என்று வைத்தியர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு கட்சி விஷயம் சொன்னார். இப்போது அவர் ஒருவர்தான். ஆண்டு இறுதிக் கூட்டத்துக்குள் இன்னொரு ஆள் சேரவில்லை என்றால் அவர் தனிப்பட்ட அபிப்பிராயம் ஆகிவிடுவார்.

"ரெண்டு கரண்டி, வாலென்டி. வேற எதையும் நான் யார்கிட்டயும் கேக்கல. வீடு போச்சு, பொண்டாட்டி போனா, பதவி இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன், அதுவும் எனக்குத் தெரியும். சாகும்போது இந்த ஊர்க் களிமண்ணு மட்டும் மேல விழுந்துச்சுன்னா..." என்று நிறுத்தினார். "உன் பாட்டி உக்ரேனியக்காரி இல்லையே?"

இல்லை என்றேன். பாட்டி உக்ரேனியக்காரிதான். ஆனால் அவள் செத்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது, கட்சிக்கு அவளால் ஆபத்து இல்லை.

நான் கையெழுத்துப் போட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து அவர் என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் ஊர் மரியாதைப்படி என் குடும்பப் பெயருக்கு முன்னால் 'பான்' சேர்த்து 'பான் கய்தா' என்றார். என் வாழ்க்கையில் ஒரு மந்திரி எனக்கு 'பான்' போட்டது அதுதான் முதல் தடவை. கட்சியின் பொதுச் செயலாளர் ஆனேன்.

கட்சிக் கூட்டம் வியாழக்கிழமைகளில் அவர் அறையில் நடக்கும். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பூட்டிய பெட்டி, ஒரு கொடி. நான் கட்டிலில் உட்காருவேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, 'மதிப்புக்குரிய மாநாட்டுப் பிரதிநிதிகளே' என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுவார். அடுத்த அறைக்காரி சுவரைத் தட்டுவாள். அதை அவர் இடையூறு என்று குறித்துக்கொள்வார். ஜன்னல் விளிம்பில் ஒற்றைத் தட்டு, ஒற்றைக் கோப்பை காய்ந்துகொண்டிருக்கும். பேச்சு முடிந்ததும் எனக்கு அந்தக் கோப்பையில் தேநீர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடித்த பிறகு கழுவி அவர் குடிப்பார். உண்மையைச் சொன்னால் எனக்கும் வியாழக்கிழமை வருவது பிடித்திருந்தது. மற்ற நாட்களில் சலவைக்கூடத்திலிருந்து வந்தால் என்னோடு பேச பாய்லர்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு சிக்கல் வந்தது. எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறுகிறது, இது மாஸ்கோக்காரர்களின் கட்சி மாதிரி இருக்கிறது என்று அவர் வருத்தப்பட்டார். ஒரு தீர்மானத்தையாவது நான் எதிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எதை எதிர்ப்பது என்று தெரியாமல் நாலாவதை எதிர்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. கட்சிக்குள் ஒரு எதிர்க் கோஷ்டி உருவாகியிருப்பதாகக் குறிப்பில் எழுதினார். அடுத்த வியாழக்கிழமை என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வரவேற்றார். தேநீரில் சர்க்கரை இல்லை.

டிசம்பர் முதல் வாரம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. என் தங்கை ரோஸாலியா அனுப்பியது. ஊரை ரஷ்யா எடுத்துக்கொண்டபோது அவளையும் ஊராரையும் ரயிலில் ஏற்றி மேற்கே, ஜெர்மானியர்களைக் கிளப்பிவிட்ட ஒரு கிராமத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். வேறு யாரோ வைத்த அடுப்பில் அவள் சமைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காட்டில் பொறுக்கி நூலில் கோத்துக் காயவைத்த காளானை, கிறிஸ்துமஸ் சூப்புக்கு என்று வருஷா வருஷம் அனுப்புவாள். என் அறை விலாசம் அடிக்கடி மாறும் என்பதால் பேரவை வீட்டு விலாசத்துக்குத்தான் அனுப்புவாள்.

பார்சல் வந்தபோது வாசலில் நின்றவர் சுலிமா. தபால்தலையில் எங்கள் கழுகு இருந்தது. தலையில் கிரீடம் இல்லை, அதை மாஸ்கோ ஆட்கள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவர் அதை என்னிடம் இரண்டு விரலால் நீட்டினார். வியாழக்கிழமை ஒழுங்கு விசாரணை நடந்தது. ஆக்கிரமிப்பு ஆட்சியோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அவரே குற்றம் சாட்டினார், அவரே நீதிபதி. ஆனால் நியாயமானவர். எனக்குச் சட்டம் தெரியாது என்பதால் எனக்கு வக்கீலாகவும் அவரே ஆஜரானார். நாற்காலியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து நின்று, என் ஏழ்மையைப் பற்றி, இத்தாலியில் காஸ்ஸினோ மலைச் சண்டையில் நான் சுமந்த குண்டுப் பெட்டிகளைப் பற்றி, ஒரே தங்கையைப் போர்க் காலத்திலிருந்தே பார்க்காத ஒரு மனிதனைப் பற்றிப் பேசினார். எனக்காக அப்படி யாரும் பேசியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான். பிறகு மறுபடி நாற்காலியைச் சுற்றி அந்தப் பக்கம் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாதத்தை நிராகரித்து என்னைக் கட்சியிலிருந்து நீக்கினார்.

"ஐயா, அப்போ மண்ணு?" என்றேன்.

அவருக்கு அது தெரியாமல் இல்லை. பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"எனக்காக விதிய வளைச்சா அப்புறம் அது விதியா, பான் கய்தா? நீங்க போகலாம்."

ஆண்டு இறுதிக் கூட்டத்தில் பதினோராம் விதியைக் கர்னல் நார்பட் வாசித்தார். சுலிமாவின் கட்சி இனி தனிப்பட்ட அபிப்பிராயம் என்பதை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். முதலில் எழுந்தவர் சுலிமாதான். அவருடைய ஓட்டை எண்ணலாமா, அபிப்பிராயத்துக்கு ஓட்டு உண்டா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. அவர் அது முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் எண்ணுவதில்லை என்று முடிவானது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் கீழிருந்து அவர் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை எங்களுக்குப் பெரிய சாப்பாடு. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்கார வேண்டும். லண்டன் மூடுபனியில் நட்சத்திரத்துக்குக் காத்திருந்தால் ஈஸ்டர் வந்துவிடும். அதனால் தெருவிளக்கு எரிந்ததும் உட்காருவேன். சொல்லாமல் வருகிற விருந்தாளிக்கு என்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பது வழக்கம். ஒரு ஆள் வீட்டில் கூடுதல் தட்டு வைத்தால், பார்க்கிறவனுக்கு இரண்டு பேர் இருப்பது போலத் தெரியும். பார்க்க யாரும் இல்லை என்றாலும் வைப்பேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சுலிமா. கையில் ஒரு உறை.

என்னுடைய உறுப்பினர் விண்ணப்பத்தின் நகலைத் திருப்பித் தர வந்ததாகவும், இந்த வழியாகப் போனதாகவும் சொன்னார். அவர் அறை நகரத்தின் மறுகோடியில் இருந்தது. நான் இரண்டாவது தட்டைக் காட்டினேன். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ரோஸாலியா கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய மெல்லிய வெள்ளை அப்பத்தை வழக்கப்படி ஆளுக்குப் பாதி உடைத்துக்கொண்டோம். வாழ்த்துச் சொல்ல வாய் திறந்தவர் முக்கால் மணி நேரம் பேசப்போகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து விட்டதோடு சரி.

காளான் சூப்பை ஊற்றினேன். நாலு கரண்டி குடித்த பிறகு நிறுத்தினார்.

"இது எந்தக் காட்டுது, வாலென்டி?"

மறைக்காமல் சொன்னேன். என் தங்கை இருக்கிற ஊர்க் காடு, நாற்பத்தைந்து வரை ஜெர்மன்காரன் காடு, இப்போது மாஸ்கோ ஆட்களுடையது. எல்லையும் தவறு, தேதியும் தவறு. ஏழாம் விதியை என் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிச்சத்தைக் குடித்தார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் இன்னொரு தடவை ஊற்றினேன். இரண்டாம் தடவை ஊற்றியது பாத்திரத்தின் அடி. அவர் பல்லில் நறநறவென்று ஏதோ கடிபட்டது எனக்கே கேட்டது. காளானோடு வருகிற காட்டு மண். ஊறவைத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிச் சேர்க்க வேண்டும், அவசரத்தில் சரியாக வடிகட்டவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்று விழுங்கினார்.

போகும்போது அந்த உறையைத் திருப்பித் தர மறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு துணியைத் தேடினேன். வடிகட்டின அழுக்கோடு தொட்டியில் கிடந்தது. வெயில் இல்லாத ஊர், அடுப்பு மேல் காயவைத்தேன். ஒரு டீஸ்பூன் இருந்தது. கறுப்பாக, ஊசியிலைத் துணுக்குகளோடு. தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

பிப்ரவரியில் இறந்தார். அறையைக் காலி செய்யப் போனவன் நான்தான். பெட்டி பூட்டியிருந்தது. அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள், சடலத்தையும் பாதிரியாரையும் சேர்க்காமல். கர்னல் நார்பட் இரங்கல் உரை வாசித்தார்.

"மறைந்தவர் ஒரு விதியைக்கூட மீறாதவர். அவர் நமக்குத் தந்த விதிகளின்படியே அவருக்கு இன்று மண் கொடுக்க இயலாத நிலையில் இருக்கிறோம் என்பதே அவருக்கு நாம் செலுத்தும் மிகப் பெரிய மரியாதை."

சிலர் தலையசைத்தார்கள். எல்லோரும் லண்டன் களிமண்ணை ஆளுக்கொரு பிடி போட்டுவிட்டு நகர்ந்தபோது, நான் கடைசியாகப் போய்க் குனிந்து தீப்பெட்டியைக் கவிழ்த்தேன். நிமிர்ந்தால் பக்கத்தில் எழுத்தர். எந்த மண் என்று கேட்டார், தங்கை அனுப்பிய காளானில் வந்த மண் என்று மறைக்காமல் சொன்னேன்.

அடுத்த வாரம் பேரவை கூடியது. மறைந்த சுலிமாவின் சவப்பெட்டி மேல் அனுமதி பெறாத, தேதி கடந்த, எல்லைக்கு வெளியிலான மண் சுமார் ஒரு டீஸ்பூன் போடப்பட்டிருப்பது கண்டனத்துக்குரியது என்று தீர்மானம் போட்டார்கள். அதை அகற்ற வேண்டும். அகற்றும் வேலை உடலுழைப்பு சம்பந்தப்பட்டது என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். எழுத்து மூலம் அறிக்கை கேட்டார்கள்.

நான் ஒரு கரண்டியோடு கல்லறைக்குப் போனேன். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்தேன். அவரிடம் சலவைக்கூடத்து விஷயம் கொஞ்சம் சொன்னேன். அன்று வியாழக்கிழமை. திரும்பி வந்து பாய்லர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். 'தீர்மானத்தின்படி மண் அகற்றப்பட்டது. வா. கய்தா.' ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அதை வாங்கிக்கொள்ளக் கர்னல் நார்பட்டே கீழே வந்தார். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, கழுத்துச் சங்கிலியை இழுத்து, சாவியெடுத்து டின்னைத் திறந்து என் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"பாரு. நீ அன்னிக்குச் சரியாத்தான் சொன்ன. பின்பக்கத் தோட்டத்து மண்ணு. அசல் தீந்து மூணு வருஷம் ஆச்சு. தொறந்து வெறும் டின்ன காட்ட எனக்குத் தைரியம் வரல."

மூன்று வருஷத்தில் எத்தனை அடக்கம் என்று நான் நினைத்துப் பார்த்தேன். ஒரு தலைவர், நாலு மந்திரி. மூன்று கரண்டி, இரண்டு கரண்டி என்று தலை தட்டி அளந்து போட்டார்கள். கொடி பிடித்தவர்கள் அழுதார்கள். நானும் ஓரமாக நின்று, அனுமதிப்படி, மனத்தில் நினைத்துக்கொண்டேன்.

கர்னல் டின்னை மூடினார். இருமினார். இந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு அந்த இருமல்தான்.

"இந்த மூணு வருஷத்துல சுலிமா ஒருத்தனுக்குத்தான் அங்கேருந்து வந்த மண்ணு விழுந்துச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த அறையில் பாய்லரைத் தவிரக் கேட்க யாரும் இல்லை. "உன் தங்கச்சி இன்னும் காளான் அனுப்புறாளா?"

"வருஷா வருஷம் அனுப்புவா, கர்னல் ஐயா."

"ஒரு சரத்துல எவ்வளவு மண்ணு வரும்? ரெண்டு மேசைக்கரண்டி தேறுமா?"

"அவ சுத்தக்காரி. ஒவ்வொண்ணா துணியால தொடச்சுத்தான் கோப்பா. டீஸ்பூனே அதிகம்."

அவர் தலையை ஆட்டினார். உரிந்து தொங்கிய கழுகைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். அது நிற்கவில்லை. ராஜாவின் கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுதிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். ஒவ்வொரு படிக்கும் நின்றார்.

நான் பாய்லருக்குக் கரி போட்டுவிட்டு, கை கழுவி, கரி மூட்டை மேல் பேப்பர் விரித்து உட்கார்ந்து என் தங்கைக்கு எழுதினேன். நான் சுகம், நீ சுகமா என்று தொடங்கி, அடுத்த பார்சலுக்குக் காளானைத் துடைக்காதே என்று எழுதினேன். அண்ணனுக்குத் தனியாக இருந்து இருந்து புத்தி கெட்டுவிட்டது என்று அவள் நினைப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். கீழே இன்னொரு வரி சேர்த்தேன். முடிந்தால் கூடக் கொஞ்சம் அனுப்பு, இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.